சோலூரில் கிரகணம் பார்த்த பிரெஞ்சுக்காரர்

ஊட்டி டூர் போகாத இன்ஜினியரிங் பேட்ச் இருக்குமான்னு தெரியல. தொட்டபெட்டா உச்சியில குளிர்ல நடுங்கிக்கிட்டே க்ரூப் போட்டோ எடுக்காம யாரும் திரும்பி வந்ததில்ல. அதே மலையில 1871 டிசம்பர் 12-ஆம் தேதி காலையில ஒரு கேமரா நின்னுச்சு. அது மேகத்தையோ நண்பர்களையோ எடுக்க வந்த கேமரா இல்ல. முழு சூரிய கிரகணத்தை எடுக்க வந்தது. அதே காலையில, ஊட்டிக்குப் பக்கத்துல இருக்கிற சோலூர் கிராமத்துல 47 வயசு பிரெஞ்சுக்காரர் ஒருத்தர் தன்னோட தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பி வச்சுக் காத்திருந்தார். சின்ன வயசு விபத்தால அவருக்கு ஒரு கால் ஊனம். வாழ்நாள் முழுக்கத் தாங்கித் தாங்கித்தான் நடந்தார். அந்தக் காலோடதான் ஆந்திரா, நீலகிரி, ஜப்பான், பசிபிக் தீவு என்று கிரகணத்தையும் சூரியனையும் துரத்திக்கொண்டு உலகத்தைச் சுற்றினார்.

பெயர் பியேர் ஜூல்ஸ் சேசார் ஜான்சென். சுருக்கமாக ஜூல்ஸ் ஜான்சென். ஹீலியம் பாடத்தில் ஒரு வரியில் வந்து போகிற பெயர். அந்த ஒரு வரியும் முழுசா சரி இல்ல, அதைப் பிறகு சொல்றேன்.

1824 பிப்ரவரி 22-ஆம் தேதி பாரிஸில் பிறந்தார். அப்பா இசைக் கலைஞர். கால் காரணமாகச் சின்ன வயதில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனதில்லை. குடும்பக் கஷ்டம் வேற, அதனால இளம் வயதிலேயே ஒரு வங்கியில் வேலைக்குப் போனார். வேலை பார்த்துக்கொண்டே படித்து, மற்றவர்கள் பதினெட்டு வயதில் எழுதும் தேர்வை இருபதுகளின் நடுவில் எழுதித் தேறினார். டாக்டர் பட்டம் வாங்கியது 1860-இல், 36 வயதில். அரியர் வச்சிருக்கிற நண்பர்கள் இந்தப் பத்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டுக்கு அனுப்பலாம்.

அந்த டாக்டர் பட்ட ஆய்வுதான் எனக்கு இவர் வாழ்க்கையிலேயே பிடித்த இடம். பின்னாளில் உலகத்தின் பெரிய சூரிய ஆராய்ச்சியாளர் ஆகப்போகிறவர் முதலில் ஆராய்ந்தது சூரியனை இல்லை, கண்ணை. கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்கள், அதாவது நாம் இன்று அகச்சிவப்பு என்று சொல்வது, கண்ணுக்குள் போனால் எங்கே நிற்கிறது? விலங்குகளின் கண்களை எடுத்து, கார்னியா, லென்ஸ், உள்ளே இருக்கிற திரவம் என்று ஒவ்வொரு அடுக்கிலும் எவ்வளவு வெப்பம் உறிஞ்சப்படுகிறது என்று அளந்தார். விளக்கு மாதிரியான செயற்கை ஒளியில் வரும் வெப்பக் கதிர்களில் மிகப் பெரும் பகுதியை விழித்திரைக்கு வருவதற்கு முன்பே கண்ணின் நீர்த்தன்மை தடுத்துவிடுகிறது என்று கண்டார். கண்ணைச் சோதிக்கிற ஆஃப்தல்மாஸ்கோப் கருவியை மேம்படுத்தும் வேலையிலும் ஒரு அறுவை மருத்துவரோடு சேர்ந்து ஈடுபட்டார்.

விளக்குக்கு அது சரி. சூரியனுக்கு அந்தப் பாதுகாப்பு போதாது. சூரிய ஒளியில் அகச்சிவப்பின் ஒரு பகுதி, கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அடுத்து இருக்கிற பகுதி, தடையில்லாமல் விழித்திரை வரை போகிறது. கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியும் விழித்திரையில் வேதிவினையால் சேதம் செய்கிறது. விழித்திரையில் வலியை உணரும் நரம்பு கிடையாது. அதனால சூடு பட்டா கை தானா விலகுற மாதிரி கண் விலகாது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது, சில மணி நேரம் கழிச்சோ மறுநாளோ பார்வையின் நடுவில் ஒரு மங்கல் புள்ளி வரும். சிலருக்கு அது சில மாதங்களில் போய்விடும், சிலருக்குப் போகவே போகாது.

2019 டிசம்பர் 26 காலை கிரகணம் ஞாபகம் இருக்கா? கோவை, ஈரோடு, திண்டுக்கல் பக்கம் வளையமாகத் தெரிந்தது. எங்க ஊர் கீழ்பென்னாத்தூர்ல வளையம் இல்லை, ஆனால் சூரியனின் பெரும் பகுதி மறைந்தது. அன்றைக்கு எங்கள் தெருவில் மூன்று விதமான ஆட்கள். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தவர்கள் முதல் வகை. உலக்கையைத் தாம்பாளத்தில் நிற்க வைத்து வேடிக்கை பார்த்தவர்கள் இரண்டாவது. மொட்டை மாடியில் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு செல்போனில் போட்டோ எடுத்தவர்கள் மூன்றாவது. அந்த மூன்றாவது கோஷ்டியில்தான் படித்தவர்கள் அதிகம். எக்ஸ்ரே ஃபிலிம் ஒரே சீராகக் கறுப்பாக இருக்காது, எலும்பு இருக்கிற இடத்தில் வெளிச்சம் பாதிக்கு மேல் உள்ளே வரும். மஞ்சள் தண்ணீரில் பிம்பம் பார்ப்பதும் அப்படித்தான். நீர்ப்பரப்பு நேர்க்குத்தாக விழும் ஒளியில் சுமார் 2 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். கிரகணக் கண்ணாடி விடுவது ஏறத்தாழ ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. ரெண்டுக்கும் இரண்டாயிரம் மடங்கு வித்தியாசம். கணக்கு நீங்களே போட்டுப் பாருங்க.

சரி, ஜான்சென் கதைக்கு வருவோம்.

கண்ணிலிருந்து அவர் சூரியனின் நிறமாலைக்குப் போனார். சூரிய நிறமாலையில் தெரியும் கறுப்புக் கோடுகளில் சில சூரியனுடையவை இல்லை, நம் காற்று மண்டலத்தில் உண்டாகுபவை என்று காட்டினார். அதை நிரூபிக்க அவர் செய்த சோதனை நம்ம மெக்கானிக்கல் ஆட்களுக்குப் பிடிக்கும்: பாரிஸில் ஒரு எரிவாயு நிறுவனத்தில் 37 மீட்டர் நீள இரும்புக் குழாயை நீராவியால் நிரப்பி, ஒரு முனையில் விளக்கு வைத்து மறுமுனையில் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பில் பார்த்தார். நீராவி தன் கோடுகளைக் காட்டியது.

அதற்குப் பிறகு 1868. ஆகஸ்ட் 18-ஆம் தேதி இந்தியாவின் குறுக்கே ஒரு நீண்ட முழு கிரகணம் வந்தது. அப்போது மதராஸ் மாகாணத்தில் இருந்த குண்டூர் அதன் பாதையில் இருந்தது. ஜான்சென் அங்கே ஒரு பிரெஞ்சு வணிகரின் வீட்டில் கருவிகளை வைத்தார். அதே ஊரில் மேஜர் டென்னன்ட் தலைமையில் ஆங்கிலேயக் குழு. மதராஸ் வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டணத்தில். அதே வானாய்வகத்தின் முதல் உதவியாளரான சிந்தாமணி ரகுநாதாச்சாரி தனியாக ஒரு குழுவுக்குத் தலைமை ஏற்று வனபர்த்தியில். ரகுநாதாச்சாரி பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். அடுத்த இதழுக்கு யாராவது எடுத்துக்கோங்க.

டென்னன்ட் குழு போட்டோ எடுக்க வந்தது. அந்தக் காலத்து போட்டோ என்றால் ஈரத்தட்டு. கண்ணாடித் தட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்து எடுத்து, உடனே இருட்டறைக்குள் ஓடிக் கழுவ வேண்டும். குண்டூர் ஆகஸ்ட் வெக்கையில், ஐந்து நிமிடத்துக்குச் சற்று அதிகமான முழு மறைப்புக்குள், ஆறு தட்டுகள் எடுத்தார்கள். அவற்றில் சூரிய விளிம்பிலிருந்து கொம்பு மாதிரி எழுந்து நிற்கும் ஒரு பெரிய பிழம்பு பதிவானது.

ஜான்சென் போட்டோ எடுக்கவில்லை. அந்தப் பிழம்புகளின் ஒளியை ஸ்பெக்ட்ரோஸ்கோப்புக்குள் விட்டார். தனித்தனிப் பிரகாசக் கோடுகள் தெரிந்தன. அப்படியென்றால் அவை ஒளிரும் வாயு, பெரும்பாலும் ஹைட்ரஜன். அன்று இருந்த மற்றவர்களும் இதைக் கண்டார்கள். ஆனால் அந்தக் கோடுகள் எவ்வளவு பிரகாசம் என்பதைப் பார்த்ததும் அவருக்கு மட்டும் இன்னொன்று தோன்றியது: இவ்வளவு பிரகாசம் இருந்தால் கிரகணமே தேவையில்லையே!

இது ஏன் வேலை செய்யும் என்பதில்தான் விஷயம் இருக்கு. சாதாரண நாளில் பிழம்பு தெரியாததற்குக் காரணம் அது மங்கலாக இருப்பது இல்லை, சுற்றியுள்ள வானத்தின் வெளிச்சம் அதை மூழ்கடிப்பது. வான வெளிச்சத்தில் எல்லா நிறமும் இருக்கிறது. ஸ்பெக்ட்ரோஸ்கோப் அதை நீளமாக விரிக்கும்போது அது நீர்த்துப்போகும். பிழம்பின் ஒளியோ இரண்டு மூன்று நிறங்களில் மட்டும் இருப்பதால் விரித்தாலும் கோடாகவே நிற்கும். நாய்ஸ் குறையும், சிக்னல் அப்படியே இருக்கும். நாம ஆறாவது செமஸ்டர்ல படிச்ச ஃபில்டர் வேலையை ஒரு முப்பட்டகம் செய்துவிட்டது.

மறுநாள், ஆகஸ்ட் 19, கிரகணம் முடிந்துபோன சாதாரணக் காலையில், குண்டூர் வெயிலில் சூரிய விளிம்பில் பிளவை வைத்துப் பார்த்தார். கோடுகள் அங்கேயே இருந்தன. இரண்டு வாரத்துக்கும் மேல் தினமும் பார்த்தார். மனிதர்கள் சில நிமிடம் மட்டுமே, அதுவும் சில வருடங்களுக்கு ஒருமுறை மட்டுமே பார்த்து வந்த ஒன்றை அவர் தினசரி வேலையாக ஆக்கிவிட்டார். ஆனால் கடிதம் எழுதி அனுப்ப ஒரு மாதம் ஆயிற்று, கப்பலில் போய்ச் சேர இன்னொரு மாதம். இங்கிலாந்தில் நார்மன் லாக்கியர் இந்தியாவுக்கு வராமலேயே, அதே வழியை அக்டோபர் 20-இல் தனியாகக் கண்டுபிடித்து அவரும் கடிதம் எழுதினார். இரண்டு கடிதமும் அக்டோபர் 26-ஆம் தேதி பாரிஸ் அறிவியல் அகாடமியின் ஒரே கூட்டத்தில் படிக்கப்பட்டன. சண்டை வந்திருக்க வேண்டிய இடம். வரவில்லை, இருவரும் நண்பர்கள் ஆனார்கள். பிரெஞ்சு அரசு இருவர் தலையும் பொறித்த ஒரே பதக்கம் வெளியிட்டது.

ஹீலியம் விஷயம் இதுதான்: பிழம்பின் நிறமாலையில் இருந்த மஞ்சள் கோட்டைப் பலர் சோடியம் என்றே நினைத்தார்கள். அது சோடியத்தின் இடத்தில் சரியாக இருக்கிறதா என்று மசூலிப்பட்டணத்தில் போக்சன் சந்தேகப்பட்டார். அது பூமியில் தெரியாத புதிய தனிமம் என்ற முடிவுக்குப் பிறகு வந்தவர் லாக்கியர். பூமியில் அதை ராம்சே பிடித்தது 1895-இல். குண்டூரில் ஜான்சென் ஹீலியம் கண்டுபிடித்தார் என்று வாட்ஸப்பில் வந்தா, பாதி கிரெடிட் மட்டும் கொடுங்க.

1870 டிசம்பர் 22-இல் அல்ஜீரியாவின் ஓரான் நகரில் கிரகணம். ஆனால் அப்போது பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகை இட்டிருந்தது. யாரும் வெளியே போக முடியாது. எதிரியிடம் அனுமதிச் சீட்டு வாங்கித் தர ஆங்கிலேய விஞ்ஞானிகள் முயன்றார்கள், அவர் அதை ஏற்கவில்லை. டிசம்பர் 2-ஆம் தேதி விடியும் முன், வோல்ட்டா என்ற பலூனில் கருவிகளையும் ஒரு மாலுமியையும் ஏற்றிக்கொண்டு, பிரஷ்யத் துப்பாக்கிகளுக்கு மேலே பறந்து தப்பினார். சில மணி நேரத்தில் அட்லாண்டிக் கரைக்கு அருகில், லுவார் நதி முகத்துவாரம் பக்கம் இறங்கினார். அங்கிருந்து ஓரான் போய்ச் சேர்ந்து எல்லாவற்றையும் தயார் செய்தார்.

அன்றைக்கு மேகம். ஒன்றுமே தெரியவில்லை.

அடுத்த டிசம்பரில் சோலூர் வந்தது அதனால்தான். ஓரானில் பட்ட பாடு போதும் என்று, மேகம் இல்லாத இடமாகப் பார்த்து நீலகிரியில் தேடிச் சோலூரைப் பிடித்தார். தொட்டபெட்டாவில் டென்னன்ட் குழு, அவிநாசியில் போக்சன் குழு, கேரளக் கடற்கரையில் பேக்கல் கோட்டையில் லாக்கியர் குழு. தொட்டபெட்டாவிலும் பேக்கலிலும் எடுத்த போட்டோக்களை ஒப்பிட்டபோது கரோனாவின் வடிவம் ஒத்துப்போனது. கரோனா நம் காற்று மண்டலத்தின் மாயை இல்லை, சூரியனுடையதுதான் என்பதற்கு அது ஆதாரம். ஜான்சென் இந்த முறை அகலமான, குவியத் தூரம் குறைந்த கண்ணாடி கொண்ட தொலைநோக்கியை எடுத்து வந்திருந்தார். கேமரா பாஷையில் சொன்னால் எஃப் நம்பர் குறைந்த லென்ஸ். மங்கலான கரோனாவின் நிறமாலை அதில் பிரகாசமாக விழுந்தது. அதில் சூரிய ஒளியின் கறுப்புக் கோடுகளும் மெலிதாகத் தெரிந்தன. கரோனாவில் வாயு மட்டும் இல்லை, சூரிய ஒளியைச் சிதறடிக்கும் தூசும் இருக்கிறது என்பதற்கு முதல் தடயம் அந்தச் சோலூர்க் காலையில் கிடைத்தது.

இதற்குப் பிறகுதான் அவர் போட்டோ பக்கம் முழுசாகத் திரும்பினார். 1874 டிசம்பர் 9-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தபோது ஜப்பானின் நாகசாகியில் இருந்தார். வெள்ளி சூரிய விளிம்பைத் தொடும் துல்லியமான நொடி வேண்டும். கண்ணால் பார்த்துச் சொன்னால் ஆளுக்கு ஒரு நேரம் சொல்வார்கள். அதற்காக ரிவால்வர் துப்பாக்கி சுற்றுவது மாதிரி சுற்றும் ஒரு தட்டில், 72 நொடியில் 48 படங்கள் எடுக்கும் கருவியை வடிவமைத்திருந்தார். வானியலுக்கு அது பெரிதாக உதவவில்லை. ஆனால் அந்த யோசனை மாரே என்பவர் வழியாகச் சினிமாவுக்குப் போனது. 1895-இல் லூமியேர் சகோதரர்கள் எடுத்த ஆரம்பகாலப் படம் ஒன்றில் தாடியோடு ஜான்செனே நடந்து வருகிறார். சினிமாவின் தாத்தா சினிமாவில் தலைகாட்டிய மாதிரி.

1876 முதல் பாரிஸுக்கு வெளியே மியூதோன் என்ற ஊரில், போரில் எரிந்து பாழான ஒரு அரண்மனையில் வானாய்வகம் அமைத்துத் தினமும் சூரியனைப் படம் எடுத்தார். இங்கேதான் நமக்கு வேண்டிய பாடம் இருக்கு. அதுவரை சூரியப் படங்கள் வெறும் வெள்ளைத் தட்டாக, புள்ளிகள் தவிர ஒன்றும் இல்லாமல் வந்தன. எல்லோரும் நினைத்தது லென்ஸ் போதவில்லை என்று. ஜான்சென் நினைத்தது வெளிச்சம் அதிகம் என்று. தட்டில் ஒளி கூடினால் அது பக்கத்துக்குக் கசிந்து நுணுக்கத்தை அழித்துவிடும். ஸ்பிரிங் இழுக்கும் ஒரு குறுகிய பிளவை ஷட்டராக வைத்து, எக்ஸ்போஷரை நொடியில் மூவாயிரத்தில் ஒரு பங்கு வரை குறைத்தார். 30 சென்டிமீட்டர் அகலப் படத்தில் சூரியப் பரப்பு முழுக்க அரிசிமணி மாதிரி குருணைகள் தெளிவாக வந்தன. 1903 வரை எடுத்த ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து தேர்ந்து ஒரு அட்லஸ் வெளியிட்டார்.

நம்ம போன்ல சூரியன் ஏன் வெள்ளை உருண்டையா வருதுன்னு கேட்டா பதில் இதேதான். ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் சென்சார் நிரம்பி வழிகிறது. சூரிய ஃபில்டரை லென்ஸுக்கு முன்னால் வைத்து, எக்ஸ்போஷரைக் கையால் குறைத்தால் பிறை பிறையாகவே வரும். ஃபில்டர் எப்போதும் முன்னால்தான், ஐபீஸ் பக்கம் இல்லை. தொலைநோக்கியோ ஜூம் லென்ஸோ வெயிலைக் குவித்து அனுப்பும் இடத்தில் ஃபில்டரை வைத்தால் அது விரிசல் விடும், அடுத்து இருப்பது உங்க கண். கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஃபில்டர் இல்லாத பைனாகுலரில் பார்ப்பதும் இதே தப்புதான். டிஎஸ்எல்ஆர் வச்சிருக்கிறவங்க வ்யூஃபைண்டரை மறந்துட்டு லைவ் வ்யூவில் பாருங்க. கடையில் போட்டோ எடுக்க மட்டும் என்று ஒரு மெல்லிய சூரிய ஃபிலிம் விற்பார்கள், அடர்த்தி 3.8 என்று போட்டிருக்கும். அது சென்சாருக்கு, கண்ணுக்கு இல்லை. கண்ணுக்கு அடர்த்தி 5 உள்ள ஃபிலிம், அல்லது ஐஎஸ்ஓ 12312-2 தரமுள்ள கண்ணாடி. ஓட்டை, கீறல் இருந்தால் தூக்கிப் போடுங்க. இருபது ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்ல. எதுவுமே கிடைக்கலைன்னா புங்கமரத்தடியில் நில்லுங்க. இலை இடுக்குகள் ஊசித்துளைக் கேமரா மாதிரி வேலை செய்து தரையெல்லாம் நூறு பிறை விழும். அதை எந்தப் போனிலும் எந்தப் பயமும் இல்லாமல் எடுக்கலாம். உண்மையில் அதுதான் அழகான படமாகவும் இருக்கும்.

1883-இல் பசிபிக்கின் கரோலின் தீவுக்குப் போய் ஐந்து நிமிட முழு கிரகணத்தில் கரோனாவைப் பல எக்ஸ்போஷர்களில் படம் எடுத்தார். கண்ணுக்குத் தெரிந்ததைவிடத் தூரம் வரை கரோனா நீண்டிருப்பதைத் தட்டுகள் காட்டின. 66 வயதில், நடக்க முடியாத காலோடு, கூலியாட்கள் தூக்கியும் இழுத்தும் மோன் பிளாங் மலை உச்சிக்குப் போனார். அங்கே பனிமேலேயே ஒரு வானாய்வகமும் கட்டினார். அஸ்திவாரம் பனிக்கட்டி என்றால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது, அவர் இறந்து இரண்டு வருடத்தில் அது மூழ்கிவிட்டது. சிவில் ஆட்கள் சிரிக்க வேண்டாம்.

கடைசிக் கிரகணம் 1905 ஆகஸ்ட் 30, ஸ்பெயினில். அப்போது வயது 81. 1907 டிசம்பர் 23-இல் மியூதோனில் இறந்தார். கண்ணின் கதிர் தாங்கும் சக்தியை அளந்து தொடங்கியவர், சூரியனைப் பார்க்கும் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணிடமிருந்து எடுத்து முப்பட்டகத்திடமும் கண்ணாடித் தட்டிடமும் கொடுத்துவிட்டுப் போனார்.

2027 ஆகஸ்ட் 2-இல் நமக்குச் சூரியனின் ஒரு ஓரம் மட்டும் மறையும், பயிற்சி எடுக்க நல்ல நாள். பெரிய விருந்து 2031 மே 21: தேனி, மதுரை வழியாக வளைய கிரகணம், மதியம் ஒரு மணி வாக்கில், உச்சி வெயிலில். குண்டூரிலும் சோலூரிலும் அவர்கள் பார்த்தது முழு கிரகணம். முழுசாக மறைந்த அந்தச் சில நிமிடங்களில் மட்டும் ஃபில்டரைக் கழற்றலாம், கழற்றினால்தான் கரோனா தெரியும். 2031-இல் வருவது வளையம். நடுவில் நிலா இருந்தாலும் சுற்றி எரிவது அதே சூரியன்தான், ஒரு நொடிகூட ஃபில்டரைக் கழற்ற முடியாது, கண்ணிலும் சரி லென்ஸிலும் சரி. அப்போ நமக்கெல்லாம் வேலை கிடைச்சு லீவு கேட்கிற நிலைமையில இருப்போம், அது புதன்கிழமை. தேனி பக்கம் சொந்தக்காரங்க இருக்கிறவங்க இப்பவே மொட்டை மாடிக்கு இடம் சொல்லி வச்சிடுங்க.